நேரக்காரி போட்ட இடைவெளிகள்

அப்பாவை அக்கா வந்து அழைத்துக்கொண்டு போனது ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கே அப்பா சட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டு, மடியில் மருந்துப் பையோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கார் ஒன்பது மணிக்கு வரும் என்று அக்கா சொல்லியிருந்தாள். இளைய மகள் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. அவர்கள் உருவாக்கிய கணினி விளையாட்டு அன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் குறுந்தட்டில் பதிவாகப் போகிறது; கடைசி அத்தியாயத்தில் ஓர் இடத்தில் வசனம் ஓடாமல் முரண்டு பிடிக்கிறது; அவள் வந்தால்தான் ஆகும்.

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த அலுவலகத்தில் ஒரு மணி நேரம் என்று சொன்ன எவரும் அதைக் காப்பாற்றியது கிடையாது. அவள் திரும்பி வந்து நான்கு மாடி ஏறியபோது மணி இரண்டு. நாற்காலி காலியாக இருந்தது.

கீழ்வீட்டு அம்மாள்தான் நடந்ததைச் சொன்னார். அக்கா பத்தரை மணிவரை வாசலுக்கும் படிக்குமாக நடந்துவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டாளாம். "உங்கப்பாதான் எந்திரிக்காம கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவரே கைப்பிடியைப் பிடிச்சு இறங்கிட்டார்மா."

மின்தூக்கி இல்லாத நான்காவது மாடியில், நாளெல்லாம் வேலைக்குப் போகும் ஒருத்தி, பக்கவாதம் வந்தவரை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் எத்தனை நாள் ஓட்டுவாள்? அக்காவின் வீடு தரைத்தளத்தில். இருவரும் பேசி முடிவெடுத்ததுதான். ஆனாலும் வழியனுப்பக்கூட அவள் இல்லாமல் போனாள் என்பது அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எந்தப் பேச்சு எடுத்தாலும் அடியில் கிடந்தது.

அவளுக்கு அலுவலகத்தில் நேரக்காரி என்று பெயர். அவள் பார்த்த வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது பெரும்பாடு. அவர்கள் செய்தது ஓடிச் சுடுகிற விளையாட்டு இல்லை. படித்துக்கொண்டே போகும் கதை. திரையில் ஒரு படம் நிற்கும். அடியில் வசனம் எழுத்தெழுத்தாக வரும். ஆங்காங்கே என்ன பதில் சொல்வது என்று விளையாடுகிறவர் தேர்ந்தெடுப்பார். அதற்கேற்பக் கதை திரும்பும். 'பக்கத்து அறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாடகை அறையில் தனியாக இருக்கும் ஒருவன், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் கிழவரோடு பேசுகிறான். கிழவரின் முகம் கடைசிவரை காட்டப்படாது. குரலும் இல்லை, ஏழே பேர் இருந்த அந்த நிறுவனத்துக்குக் குரல் பதிவு செய்ய வக்கில்லை. ஒரு சுவர், அதன் மேல் எழுத்து, அவ்வளவுதான். அவர் தயங்குவதும் மழுப்புவதும் மூச்சு வாங்குவதும் இரண்டு சொற்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதில்தான் தெரிய வேண்டும். அந்த நேரத்தை வரிக்கு வரி போட்டவள் அவள். பதினோராயிரம் வரிகள்.

திரை ஒரு வினாடிக்கு அறுபது முறை தன்னைப் புதிதாக வரைந்துகொள்ளும். அந்தக் கணக்கில்தான் இடைவெளியை எழுதுவார்கள். அறுபது என்றால் ஒரு வினாடி, இருநூற்று நாற்பது என்றால் நான்கு. ஏழு பேருக்கும் இது தலைகீழ்ப் பாடம் என்பதால், எண் எந்த அளவையில் இருக்கிறது என்று எவரும் எங்கும் குறித்துவைக்கவில்லை.

அந்த இடைவெளிகளை அவள் அப்பாவிடமிருந்து எடுத்தாள்.

அப்பா ஏலக்காரர். பழைய மரச்சாமான் ஏலக்கூடத்தில் முப்பது வருஷம் மேடையில் நின்றவர். கால் ஆடும் மேஜையும் கதவு மூடாத பீரோவும் அவர் வாயில் புறப்பட்டால் மூச்சு விடுவதற்குள் விலை போய்விடும். வீட்டிலும் அதே வேகம்தான். மற்றவர்கள் ஒரு சொல் சொல்வதற்குள் அவர் நான்கு சொல்லியிருப்பார். ஆனால் எவ்வளவு வேகமாகப் போனாலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மட்டும் பிடித்து நிறுத்துவார். ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லிவிட்டு மூன்றாவதற்கு முன்னால் கூடத்தையே அந்தரத்தில் தொங்கவிடுவாரே, அந்த நிறுத்தம் வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. "குடையை எடுத்துக்கிட்டியா"வுக்கும் அதே நிறுத்தம்தான்.

பக்கவாதம் வலது கையையும் அந்த வேகத்தையும் எடுத்துக்கொண்டு போனது. சொற்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. வாய்க்கு வந்துசேரும் வழிதான் நீண்டுவிட்டது. நிறுத்துகிற இடம்கூட மாறவில்லை. முன்பு கண்ணிமைக்கும் நேரம் நின்றவர் இப்போது நான்கு வினாடி, ஐந்து வினாடி நின்றார். சாயங்காலம் வீடு திரும்பியதும் அவள் அவர் எதிரே உட்காருவாள். பேச்சு நடக்கும்போது அவள் மடியில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். ஒருநாள் அப்பா அதைக் கவனித்துவிட்டார்.

"என்னடி… கையில… டிக் டிக்னு?"

அவள் மறைக்காமல் சொன்னாள். அப்பா, "ஏலத்துல… நேரம் பார்க்கிறவனுக்கு… சாமான் கிடைக்காது" என்றார். பாதி வாயால் சிரிக்கவும் செய்தார். அவளும் சிரித்தாள். அந்தப் பதிலில் இருந்த இரண்டு இடைவெளிகளையும் மறுநாள் காலை கிழவரின் வசனத்தில் போட்டாள். அப்பாவின் பேச்சைக் கேட்டதைவிட அளந்ததே அதிகமோ என்ற கேள்வி அப்போது அவளுக்கு வரவில்லை.

அக்கா வீட்டுக்குப் போன நான்காம் நாள் அப்பாவுக்கு இரண்டாவது முறை வந்தது. பேச்சு அடியோடு நின்றது. ஏழு வாரம் படுக்கையில் கிடந்து போய்ச்சேர்ந்தார். மருத்துவமனை வராந்தாவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, அக்கா கேட்டாள்: "நீ அவரைப் பார்த்துக்கிட்டியா, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டியா? என் வீட்டுக்கு வந்து நாலு நாள் நல்லாத்தான் இருந்தார். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. உன் மேல இருந்த கோபத்தை எங்கிட்ட காட்டிட்டுப் போயிட்டார்."  

அப்பா பேசிய ஒரு வாக்கியம்கூட எங்கும் பதிவாகியிருக்கவில்லை. ஏலக்கூடத்தில் ஒலிபெருக்கி இருந்தது, ஒலிப்பதிவு இல்லை. மிஞ்சியது பதினோராயிரம் வரிகளுக்கு நடுவே அவள் எழுதிய எண்கள் மட்டும்.

விளையாட்டு விற்கவில்லை. நிறுவனம் இரண்டு வருஷத்தில் இழுத்து மூடப்பட்டது. அவள் சினிமாப் படங்களுக்கு அடியில் ஓடும் வசன வரிகளுக்கு நேரம் போடும் வேலைக்கு மாறினாள். அவள் மறந்துவிட நினைத்ததை வேறு யார் யாரோ நினைவில் வைத்திருந்தார்கள். பத்து வருஷம் கழித்து இணையத்தில் ஒரு கூட்டம் 'பக்கத்து அறை'யைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடத் தொடங்கியது. பழைய தட்டுகள் கைமாறின. ஓர் இடத்தில் அந்த இளைஞன், "நீங்க போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?" என்று கேட்பான். ஒன்பது வினாடி சுவர் மட்டும் இருக்கும். பிறகு, "இன்னும் போகலையே" என்று எழுத்து வரும். அந்த ஒன்பது வினாடியைப் பற்றி மட்டும் நூறு கட்டுரை எழுதினார்கள். புகழெல்லாம் கதை எழுதியவருக்குப் போனது. அவள் பெயர் 'உதவி' என்ற தலைப்பின் கீழ் வெளியாட்கள் பன்னிரண்டு பேரோடு பொடி எழுத்தில் இருந்தது.

பத்தொன்பதாவது வருஷம், உரிமையை வாங்கியிருந்த ஒரு பெரிய நிறுவனம் அதைப் புதுப்பித்து வெளியிடுவதாக அறிவித்தது. படங்களைத் திரும்பத் தீட்டி, இசையைத் திரும்ப வாசித்து, கைப்பேசியிலும் ஓடும்படி செய்கிறார்களாம். பழைய தட்டு ஓடுகிற இயந்திரம் அவளிடம் செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அறிவிப்பைப் படித்த அன்று அக்காவுக்கு ஃபோன் செய்து, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னாள்: அந்தக் கிழவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவது அப்பா பேசியது, நேரம் பார்த்து எடுத்தது.



"அப்ப நீ அவரை அளந்துக்கிட்டு இருந்தே" என்றாள் அக்கா.

"ஆமா."

"இவ்வளவு நாள் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" கோபமாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் வேறு மாதிரி இருந்தது. "என் ஃபோன்ல வருமா அது? எனக்கு அதெல்லாம் போடத் தெரியாது. பேத்தியைப் போட்டுத் தரச் சொல்றேன்."

வெளியான அன்று நேரக்காரி விடுப்பு எடுத்தாள். விளையாட்டைத் திறக்கப் பயந்து முதலில் விமர்சனங்களைத் திறந்தாள். பெரிய தளம் ஒன்று பத்துக்கு எட்டரை கொடுத்திருந்தது. பழைய பதிப்பில் கொட்டாவி விடவைத்த உரையாடல் இப்போது சிட்டாகப் பறக்கிறது என்று அதில் பாராட்டு. இன்னொருவர், கிழவருக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். சின்ன வலைப்பதிவு ஒன்றில் ஒரு பெண், படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கின்றன, ஆனால் அன்றைக்கு அழுத இடத்தில் இன்று அழுகை வரவில்லை, தனக்கு வயதாகிவிட்டது போலும் என்று எழுதியிருந்தார். அதை நேரக்காரி நான்கு முறை படித்தாள்.  விளையாட்டைத் திறந்தாள்.

சுவர் அழகாக இருந்தது. எழுத்து வந்தது. கிழவர் பேசினார், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் போலப் பேசினார். நிறுத்த வேண்டிய இடத்தில் எல்லாம் நிறுத்தினார். ஆனால் நிறுத்தம் ஒவ்வொன்றும் கண் சிமிட்டும் நேரம்தான். ஒன்பது வினாடி இருந்த இடத்தில் அரை வினாடி. "நான் யார்கிட்ட பேசுவேன்" என்று அவன் கேட்டு வாய் மூடவில்லை, "இன்னும் போகலையே" என்று வெடுக்கென்று பதில் வந்தது.

கோளாறு எது என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் எழுதிய இருநூற்று நாற்பதைப் புதிய ஆட்கள் ஒரு வினாடியை ஆயிரமாக வகுத்த கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வினாடி, கால் வினாடி ஆகிவிட்டது. எல்லா இடைவெளியும் ஒன்றுபோலச் சுருங்கியதால் எங்கும் எதுவும் உடையவில்லை. அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று மாலை, விளையாட்டு விமர்சனத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரின் நீண்ட கட்டுரை வந்தது. இத்தனை வருஷமாக நாம் கும்பிட்ட அந்த மௌனங்கள் எல்லாம் அந்தக் காலத்து இயந்திரம் அடுத்த வரியைத் தேடி எடுக்கத் திணறியதால் வந்தவை என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தார். இயந்திரத்தின் இளைப்பை நாம் கலை என்று நினைத்துவிட்டோமாம். நேரக்காரி கீழே தன் கருத்தை எழுதினாள்: அவை திணறல் இல்லை, கையால் போட்டவை, போட்டவள் நான். கருத்துக்குக் கீழே பதில்கள் வந்தன. "நீங்க நேரம் போட்டீங்க, நான்தான் அந்தச் சுவருக்கு வெள்ளையடிச்சேன்" என்று ஒருவர். அதற்கு நானூறு பேர் சிரித்திருந்தார்கள். அந்த வேடிக்கை நன்றாக இருந்தது என்பதுதான் அவளுக்குக் கூடுதல் வலி.

நிறுவனத்துக்கு எழுதினாள். எந்த எண், எந்த அளவை, எங்கே தவறு என்று பிட்டுப் பிட்டு வைத்து அனுப்பினாள். பிறகுதான் அக்காவின் ஞாபகம் வந்தது. திருத்தம் வரும்வரை அதைத் திறக்கவேண்டாம் என்று சொல்ல ஃபோனை எடுத்தாள். அக்கா முந்திக்கொண்டாள்.

"பார்த்துட்டேன்டி" என்றாள். அழுதிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. "அப்பாவேதான். அப்படியே அப்பா. அந்தப் படபடப்பும், கடைசி வார்த்தைக்கு முன்னாடி லேசா ஒரு பிடி பிடிப்பாரே, அதுவும். மேடையில நிக்கிற மாதிரியே இருக்கு. எப்படிடி புடிச்சே?"

திறக்கவேண்டாம் என்று சொல்ல வந்ததை நேரக்காரி சொல்லாமல் விட்டாள்.

கல்யாணமாகிப் போன அக்காவுக்குத் தெரிந்தது ஏலக்கார அப்பாவை மட்டும்தான். முதல் முறை விழுந்தபோது வந்து, குழாய்களோடு தூங்குகிறவரைப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு வருஷமும் ஃபோனில் தங்கைதான் பேசினாள். அப்பா ஃபோனைக் காதில் வைத்தால் எதிர்முனையில் இருப்பவர்கள் அவர் தொடங்குவதற்குள் "கேட்குதா, கேட்குதா" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். மெதுவாகப் பேசிய அப்பா நேரக்காரிக்கு மட்டுமே சொந்தம். அவரை எங்கோ தெரியாத ஒருவரின் கவனப்பிழை அழித்துவிட்டது. அதே பிழை அக்காவுக்கு அவளுடைய அப்பாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

"உன்னை என்னென்னவோ சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "மனசுல வெச்சுக்காதே."

அந்தச் சொல்லுக்காக அவள் பத்தொன்பது வருஷம் காத்திருந்தாள். அது வந்தபோது, அது தவறான விலாசத்துக்கு வந்த கடிதம் போல அவள் கையில் இருந்தது.

நிறுவனத்திலிருந்து, உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று இயந்திரம் எழுதிய பதில் வந்தது. என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவள் ஒரு கடிதம் எழுதினாள். அனுப்பவில்லை. மூன்றாம் மாதம் மனிதர் ஒருவரே எழுதினார். நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம்; ஆனால் விமர்சகர்கள் பாராட்டியதே இந்த வேகத்தைத்தான்; மேலிடம் கைவைக்க வேண்டாம் என்கிறது. படித்து முடித்தபோது அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்துக்கு அடியில் நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டாள்.

அக்கா தினமும் காலையில் வேலைகளை முடித்துவிட்டு ஒரு பத்து நிமிஷம் விளையாடினாள். முடிந்ததும் ஃபோன். இன்றைக்குக் கிழவர் என்ன சொன்னார், அப்பா இதே மாதிரி எப்போது சொன்னார் என்று கதைகள் வந்தன. சின்ன வயதில் இருவரையும் அப்பா சந்தைக்குக் கூட்டிப்போய், பக்கத்து வீட்டு வாத்தியார் மனைவிக்கே அவர்களை ஏலம் விட்ட கதையை இளையவள் அறுபது தடவை கேட்டிருப்பாள். அறுபத்தோராவது தடவையும் கேட்டுச் சிரித்தாள். "அப்பா எங்கிட்ட பேசாம போனது இப்ப அவ்வளவா உறுத்தல" என்று அக்கா ஒருநாள் சொன்னாள். "தினம்தான் பேசறாரே." நேரக்காரி "ஆமாக்கா" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். 

அவளும் சில நாள் திறந்து பார்த்தாள். சுவரின் மேல் எழுத்து ஓடி முடிந்துவிடும். அவள் மனதுக்குள் நான்கு வரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எண்ணி முடிப்பதற்குள் அவர் மூன்று வாக்கியம் தாண்டிப் போயிருப்பார். கொஞ்ச நாளில் அப்பா எங்கே எவ்வளவு நேரம் நிறுத்தினார் என்பது அவளுக்கே குழம்பத் தொடங்கியது. அந்தக் குழப்பம் வந்ததும் விளையாடுவதை விட்டுவிட்டாள்.

ஒரு வருஷம் கழிந்து, கொட்டை போட்ட அந்த விமர்சகர் இரண்டாவது கட்டுரை எழுதினார். யாரோ கொடுத்த பழைய இயந்திரத்தில் பழைய தட்டையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு வரிவரியாக ஒப்பிட்டிருந்தார். நான் எழுதியது தவறு, இது இயந்திரத்தின் இளைப்பு இல்லை, எவரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார், யார் என்று தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார். அவள் எழுதிய கருத்து அவருடைய முதல் கட்டுரைக்குக் கீழே நானூறு சிரிப்புகளோடு அப்படியே கிடந்தது. இந்த முறை அவள் எதுவும் எழுதவில்லை.

விமர்சகர்கள் காற்று அடித்த பக்கம் திரும்பினார்கள். சிட்டாகப் பறக்கிறது என்று எழுதிய தளமே, மௌனத்தைக் கொன்ற புதுப்பிப்பு என்று எழுதியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நான்கு மாதத்தில் திருத்தம் வரும், எல்லாருடைய கருவியிலும் பழையது தானாக நீங்கிப் புதியது அமர்ந்துகொள்ளும் என்று அறிவித்தது. அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அவள் நான்கு மாதமும் நினைத்தாள். தினமும் காலையில் ஃபோன் வந்தது. தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள்.

திருத்தம் வந்த அன்று காலை ஃபோன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் கூப்பிட்டபோது அக்கா எடுக்கவில்லை. ஆறு நாள் இப்படியே போனது. ஏழாம் நாள், வேலையிடத்தில் யாரோ பேசும் வாய்க்குக் கீழே வரியை நிறுத்திவைத்துக்கொண்டிருந்தபோது, அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தட்டச்சு செய்யவே சலித்துக்கொள்ளும் அக்கா, இவ்வளவு நீளமாக அதுவரை எதுவும் அனுப்பியதில்லை.

"அப்பா மெதுவா பேசறார்டி. முதல்ல ஃபோன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு பேத்திகிட்ட குடுத்தேன். நல்லாத்தான் இருக்குன்னா. அப்புறம் புரிஞ்சுது. உங்கிட்ட ரெண்டு வருஷமும் இப்படித்தான் பேசினாரா? நீ இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்தியா? எங்கிட்ட பேசலன்னு உன்கிட்ட சண்டை போட்டேன். அவர் பேச ஆரம்பிச்சார்டி. வந்த முதல் நாள் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து என் கையைப் புடிச்சு, 'நீ'ன்னு ஆரம்பிச்சார். நான் நிக்கல. தண்ணியாப்பான்னு கேட்டு டம்ளரை வாயில வெச்சுட்டேன். குடிச்சார். நாலு நாளும் இப்படியே பண்ணேன். அவர் கேட்டது தண்ணி இல்லடி."